ஓட்டுநரில்லா வாகனம்: பாம்பனில் யார் அனுமதி கொடுப்பது?

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த அன்னை இந்திரா காந்தி பாலம் அது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம். சுற்றுலா வருகிறவர்கள் கீழே கடலையும் பக்கத்தில் ரயில் பாலத்தையும் பார்க்க வண்டியை ஓரம் கட்டிவிடுவதும், பின்னால் வரும் பஸ்ஸும் மீன் லாரியும் ஹாரனடித்துத் திணறுவதும், போலீஸ் வந்து விரட்டுவதும் அங்கே வாடிக்கை. காற்றும் வெயிலும் ஏறிய பாலத்தில் ஒரு வண்டி நின்றால் இரு கரையிலும் வரிசை நீளும்.

இன்று வெளிநாட்டு நகரங்களில் ஓடும் ஓட்டுநரில்லா கார்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும் தற்காப்பு விதியோ, சந்தேகம் வந்தால் நில் என்பதுதான். எதிரே வருவது இன்னதென்று பிடிபடாவிட்டால், சென்சார் குழம்பினால், கட்டுப்பாட்டு மையத்தோடு தொடர்பு அறுந்தால், வேகம் குறைத்து நின்றுவிடும். பெரும்பாலான சாலைகளில் அது நல்ல விதி; பாம்பனில் அதுவே ஆபத்து. அப்படியானால் இந்த வண்டி இந்தப் பாலத்தில் ஏறலாமா, எந்த நேரத்தில், எந்த நிபந்தனையோடு என்று முடிவு செய்யும் அதிகாரம் டெல்லிக்கா, சென்னைக்கா, ராமநாதபுரம் ஆட்சியருக்கா, ராமேஸ்வரம் நகராட்சிக்கா? ஓட்டுநரில்லா வாகனம் பற்றிய விவாதத்தில் தொழில்நுட்பம் நிறையப் பேசப்படுகிறது. இந்தக் கேள்வி பேசப்படுவதில்லை.

அப்படிப்பட்ட கார் எதுவும் இன்று ராமநாதபுரம் சாலைகளில் ஓடவில்லை. ஆனால் பாதி வழி வந்தாயிற்று. தடம் மாறாமல் ஸ்டீயரிங்கைத் திருத்துகிற, முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகம் கூட்டிக் குறைக்கிற, தானாகவே பிரேக் பிடிக்கிற கார்கள் சில ஆண்டுகளாக இந்தியச் சந்தையில் விற்கின்றன. 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 அவற்றில் ஒன்று. இந்த வசதிகளோடு கார்கள் தனுஷ்கோடி வரை போய் வருகின்றன. ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான 'திஹான்' சோதனைக் களம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது. பெங்களூரில் மைனஸ் ஜீரோ, போபாலில் ஸ்வாயத் ரோபோட்ஸ் என்று சிறு நிறுவனங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. வளாகத்துக்குள் நடக்கும் சோதனை ஒரு நாள் பொதுச் சாலைக்கு வரத்தான் போகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023 டிசம்பரிலும், ஓட்டுநரில்லா கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அமைச்சரின் பேச்சு சட்டமாகாது. அவர் பொறுப்பில் இருந்தபோதே, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2பி என்ற புதிய பிரிவு சேர்ந்தது. வாகனத் துறையில் புதுமையையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிக்க, குறிப்பிட்ட வகை வாகனங்களுக்கு இந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. நாளை வேறொருவர் அமைச்சரானால் ஒரே அறிவிக்கையில் கதவு திறக்கும். மாநிலத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தப் பிரிவு விதிக்கவில்லை.

இந்த விலக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதும் ஓட்டுநர் என்ற மனிதரை வைத்து எழுதப்பட்டது. பிரிவு 3, உரிமம் இல்லாமல் யாரும் ஓட்டக் கூடாது என்கிறது. பிரிவு 126-இன்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, தற்செயலாக நகராதபடி செய்திருக்க வேண்டும். பிரிவு 134, விபத்து நடந்தால் அடிபட்டவரை மருத்துவ உதவிக்குக் கொண்டுசேர்க்கும் கடமையை ஓட்டுநர் மீது வைக்கிறது. இருக்கையில் ஆளே இல்லாத வண்டி அடிபட்டவரை எப்படித் தூக்கும்? இப்படி ஒவ்வொரு பிரிவிலும் முட்டிக்கொள்வதால்தான் மொத்தமாக விலக்கு என்ற வழி தேடப்பட்டது.

அரசியலமைப்பில் இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35-ஆவது இனம். மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநிலமும் செய்யலாம்; முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே மாநிலத்துக்கு விட்டுவைத்த அதிகாரங்களும் உண்டு. பர்மிட் மாநிலத்தின் கையில். தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து ஆணையமாகச் செயல்படுபவர் மாவட்ட ஆட்சியர். எந்தக் கிராமத்துக்கு மினி பஸ் போக வேண்டும் என்பது அவர் மேசைக்கு வருகிறது. எல்லாவற்றிலும் பலம் வாய்ந்தது பிரிவு 115. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி ஆகியவற்றுக்காகவோ, ஒரு சாலை அல்லது பாலத்தின் தன்மை காரணமாகவோ, எந்த வகை வாகனத்தையும் ஒரு பகுதியிலோ சாலையிலோ தடுக்கவும் நிபந்தனை போட்டுக் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் உரிமை தருகிறது அது. பாலத்தின் தன்மை என்று சட்டமே சொல்கிறது. பாம்பனுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

உள்ளாட்சிக்கு வந்தால் கை சுருங்கிவிடும். 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியவையாக 18 பொருள்கள் உள்ளன. அவற்றில் சாலைகளும் பாலங்களும் இருக்கின்றன, வாகன நிறுத்துமிடமும் பஸ் நிறுத்தமும் இருக்கின்றன, போக்குவரத்து இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 117-இல், நிறுத்துமிடங்களைக் குறிக்கும்போது உள்ளாட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிற அளவில்தான் அதற்கு இடம். அமாவாசைக் கூட்டத்தில் எந்தத் தெரு திணறும் என்பது நகராட்சிக்குத் தெரியும். சட்டத்தின் கண்ணில் அது பார்க்கிங் கட்டணம் வாங்கும் அமைப்பு.

இங்கேதான் பிரிவு 2பி-யின் சிக்கல். இந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து ஒரு வாகனத்துக்கு விலக்கு என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால், அந்த விதிகளில் பிரிவு 115-உம் சேருமா? சேர்ந்தால், மாநிலத்தின் கையிலிருக்கும் கடைசித் தடுப்பும் போய்விடும். நாம் வைத்திருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, எதற்காக வைத்திருக்கிறோமோ அந்த வண்டிக்கே பொருந்தாமல் போகலாம்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் இ-ரிக்‌ஷாவின் கதையைப் பார்க்க வேண்டும். டெல்லியில் அவை சட்டம் வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டன. 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு விதி வந்தது. 2015-இல் சட்டத் திருத்தம் வந்தது. 2018 அக்டோபரில், மின்கலத்தில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. நோக்கம் நல்லதுதான், புகை குறையும். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை வண்டி என்று பர்மிட் மூலம் வரையறுக்கும் வழி உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதோடு அடைபட்டது. அனுமதி டெல்லியில் பிறக்கிறது. நெரிசல் ஊரில் தங்குகிறது.

உள்ளூர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த மாவட்டத்தின் சாலைகளே. அறுவடைக் காலத்தில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் போனால் தார்ச்சாலையின் பாதியில் மிளகாய் காயும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், சிவப்புப் பாய் விரித்தாற்போல் கிடக்க, ஓரத்தில் கல்லையோ முள் கிளையையோ அடையாளமாக வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் வேகம் குறைத்து, எதிரே வருபவருக்குக் கைகாட்டி, மிச்சப் பாதியில் மாறி மாறிப் போவார். இன்னொரு இடத்தில் சிறுதானியக் கதிரைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அங்கே வண்டி அதன் மேல் ஏறிப் போக வேண்டும், அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஏறக் கூடாது, இன்னொன்றில் ஏற வேண்டும். சாலையில் தானியம் காயப் போடுவது சரியா என்பது வேறு விவாதம். களம் இல்லாத ஊரில் விவசாயி வேறென்ன செய்வார்? சாலை இன்று இப்படித்தான் இருக்கிறது. கலிபோர்னியாவில் பழகிய மென்பொருளுக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்லிக்கொடுப்பது, சொல்லிக்கொடுத்தாயிற்று என்று யார் சோதித்துச் சான்று தருவது?

ராமேஸ்வரம் தீவுக்குள் வந்தால் இன்னொரு வகை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் சேற்றிலும் ஜீப்பும் வேனும்தான் போயின. இப்போது தார் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் அதன் மேல் ஏறிப் படிகிறது, தடக் கோடு மறைகிறது. கோட்டைப் பார்த்து ஓடும் கேமராவுக்கு அங்கே கோடு இல்லை. ராமேஸ்வரம் ரத வீதிகளிலோ அக்னி தீர்த்தத்தில் குளித்த ஈரத் துணியோடு ஆயிரக்கணக்கானவர்கள் கோயிலை நோக்கி நடப்பார்கள். வடக்கிலிருந்து வந்த முதியவர்கள், கையைப் பிடித்த பேரப்பிள்ளைகள், சங்கு விற்கும் தள்ளுவண்டி, மாடு. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் அந்தத் தெரு வண்டிக்கு உரியதல்ல, நடப்பவர்களுக்கு உரியது.

எல்லைக் கடற்கரை என்பது மூன்றாவது விஷயம். ஓட்டுநரில்லா கார் போகிற வழியெல்லாம் கேமராவாலும் லேசர் கதிராலும் சுற்றுப்புறத்தை அளந்துகொண்டே போகும். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் புவிசார் தகவல் வழிகாட்டுதல்கள், வண்டியில் கருவி பொருத்திச் சாலையோரங்களை அளக்கும் பணியை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. இங்கே ஓடும் வண்டி எதைப் பதிவு செய்யும், எங்கே சேமிக்கும் என்பது பயணிகளின் அந்தரங்கத்தோடு நிற்கும் கேள்வியல்ல.

அந்த உச்சிப்புளித் தளம் இன்னொரு வகையிலும் நமக்குப் பாடம். ஆளில்லா ஊர்தி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல; கடற்படையின் ஆளில்லா விமானப் படைப்பிரிவு 2012 முதல் அங்கே இருக்கிறது. அது ராணுவம், அதன் விதி வேறு. பொதுமக்களின் டிரோன்களுக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடத்தில் பிரிக்கப்பட்டது. வான் போக்குவரத்து முழுக்க மத்திய அரசின் அதிகாரம். இருந்தும், அவசரம் ஏற்பட்டால் 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க மாநில அரசுக்கும் காவல் துறைக்கும் அந்த விதிகள் இடம் தருகின்றன. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியே ஆணையிடலாம். வானத்துக்குக் கொடுத்த இந்த உரிமையைத் தரைக்குக் கொடுப்பதில் என்ன தடை?

வெளியுலக அனுபவம் இந்த இடத்தில் உதவும். அமெரிக்காவில் 2011-இல் நெவாடா முதல் சட்டத்தை இயற்றியது. வாகனத்தின் கட்டமைப்பு மத்திய அரசின் பொறுப்பு, உரிமமும் சாலையும் மாநிலப் பொறுப்பு என்ற பழைய பிரிவினையே அங்கே தொடர்ந்தது. நகரங்களுக்குப் பல மாநிலங்களில் வாயே இல்லை. டெக்சஸ் 2017-இல் உள்ளாட்சிகள் இதில் விதி போடவே கூடாது என்று சட்டம் செய்தது. கலிபோர்னியாவில் மோட்டார் வாகனத் துறையும் பொதுப் பயன்பாட்டு ஆணையமும் அனுமதி கொடுக்கும். ஓடுவது சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தெருவில். தீயணைப்பு வண்டிகளுக்குக் குறுக்கே ஆளில்லா டாக்சிகள் நின்றுவிடுகின்றன என்று நகரத் தீயணைப்புத் துறை முறையிட்டது. 2023 ஆகஸ்ட் 10 அன்று ஆணையம் அந்த எதிர்ப்பை மீறி, குரூஸ், வேமோ என்ற இரு நிறுவனங்களும் இரவு பகலாகக் கட்டணம் வாங்கி ஓட அனுமதித்தது.

எட்டு வாரத்துக்குள், அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் இடித்ததில் குரூஸ் வண்டியின் முன் வந்து விழுந்தார் ஒரு பெண். வண்டி மோதி நின்றது. பிறகு, ஓரம் கட்ட வேண்டும் என்ற தன் விதிப்படி நகர்ந்தது. அடியில் சிக்கிய அந்தப் பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. மனிதர் ஓட்டியிருந்தால் இறங்கிப் பார்த்திருப்பார். இழுத்துச் சென்ற காட்சியை நிறுவனம் தங்களிடம் முழுமையாகக் காட்டவில்லை என்று மோட்டார் வாகனத் துறை குற்றம் சாட்டி, அதே மாதம் 24-ஆம் தேதி அனுமதியை நிறுத்தியது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் ஆளில்லா டாக்சித் தொழிலையே கைவிட்டது. அதே 2024-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், விதி மீறும் ஆளில்லா வண்டியின் நிறுவனத்துக்குப் போலீஸ் அறிவிக்கை கொடுக்க வழி செய்தது. அவசர காலத்தில் ஒரு பகுதியைக் காலி செய்யச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் தன் வண்டிகளுக்கு நிறுவனம் உத்தரவிட வேண்டும் என்றது. நகரம் முதலிலேயே கேட்டது இதைத்தான்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2021-இல் வந்த அதன் சட்டப்படி வண்டிக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் மத்தியத் துறை தரும். ஆனால் அது எந்தெந்தச் சாலையில் ஓடலாம் என்ற இயக்கப் பகுதிக்கு மாநில அதிகாரிகளின் ஒப்புதல் தனியே வேண்டும். வண்டி நல்ல வண்டியா என்பது ஒரு கேள்வி, இந்தச் சாலைக்கு ஏற்ற வண்டியா என்பது இன்னொரு கேள்வி என்று பிரித்துவைத்தார்கள். பிரிட்டன் 2024-இல் இயற்றிய சட்டத்தில், ஆளில்லாப் பயணியர் சேவைக்கு உள்ளூர் டாக்சி உரிமம் தரும் அமைப்பின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது.

நமக்கு மிக நெருக்கமானது ஜப்பானின் எய்ஹெய்ஜி. ஜென் பௌத்தத்தின் பழைய மடம் ஒன்று உள்ள, யாத்திரிகர்கள் வரும் சிற்றூர். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, ஓட்டுநரில்லாச் சேவைக்கு மாவட்ட அளவிலான பொதுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தர வேண்டும். அதற்கு முன் ஊர் மேயரின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த மே மாதம் எய்ஹெய்ஜியில் பழைய ரயில் பாதை இருந்த இடத்தில், சுமார் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சிறு வண்டிகள் ஓடத் தொடங்கின. அக்டோபரில் ஒரு வண்டி ஆளில்லாமல் நின்ற சைக்கிளில் உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் சேவையை நிறுத்தி, காரணம் கண்டு, திருத்தி, 2024 மார்ச்சில்தான் மறுபடி ஓட்டினார்கள். ஒரு சைக்கிளுக்காக ஏறக்குறைய ஐந்து மாதம்.

நம் ஊரிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைச் சிக்னலோடு இணைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் ஏறாது. அந்த இடத்தின் காற்றுக்கென்றே போட்ட விதி அது. அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய ரயில் பாலத்துக்கும் பாதுகாப்புச் சான்று எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 2024 நவம்பரில் ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடலில் இருந்த குறைகளைப் பகிரங்கமாக எழுதினார். பாலத்தில் 75, தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பிட்டே அனுமதித்தார். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ஆகவேதான் அப்படி எழுத முடிந்தது. சாலைக்கு அப்படி ஒருவர் இல்லை. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள்.

கடலில் இன்னொரு முன்மாதிரி. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே கடலில் மோதிக்கொண்ட 1970-களின் கசப்புக்குப் பின், பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு உருவானது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறது. மீறல்கள் உண்டு, சண்டையும் தீரவில்லை. என்றாலும் புதிய, பலமான இயந்திரம் வரும்போது பழைய, பலம் குறைந்தவர்களுக்கு நேரமும் இடமும் ஒதுக்கித் தர வேண்டும் என்ற அறிவு இந்தக் கரையில் உருவாகி, எழுதப்பட்டு, நடைமுறையில் இருக்கிறது.

ஊருக்கு ஒரு விதி என்றால் நிறுவனங்கள் எப்படித் தொழில் செய்யும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. வண்டியின் பிரேக்கும் சென்சாரும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறக் கூடாது. அது மத்திய அரசின் தரநிலையாகவே இருக்கட்டும். உள்ளூருக்கு அதிகாரம் கொடுத்தால் ஆட்டோ ஸ்டாண்டுகளின் நெருக்கடியில் எல்லாவற்றையும் தடுத்துவிடுவார்கள் என்ற பயமும் சொல்லப்படுகிறது. ராமேஸ்வரத்தில் ரயிலும் பஸ்ஸும் வந்து நிற்கும்போது ஓடிவரும் ஆட்டோக்காரரும், தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுபவரும் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். தன் பிழைப்பைப் பாதிக்கும் முடிவில் அவர் பேச விரும்புவது நெருக்கடியாகாது, அவர் உரிமை. எய்ஹெய்ஜி போன்ற சிறு வண்டிகள் நடக்க முடியாத முதியவர்களுக்கு இங்கே பயன்படலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. யாரைக் கேட்டு, எந்தத் தெருவில் என்பதே என் கேள்வி.

இழப்பீட்டுப் பக்கம் சட்டம் கொஞ்சம் தயாராக இருக்கிறது. 2019 திருத்தத்தின் பிரிவு 164-இன்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கடும் காயத்துக்கு இரண்டரை லட்சமும் உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ தர வேண்டும். குற்றப் பொறுப்புதான் அந்தரத்தில் நிற்கிறது. அலட்சியமாக ஓட்டியவர் என்று எழுத முதல் தகவல் அறிக்கையில் பெயர் வேண்டுமே. உச்சிப்புளிக் காவல் நிலையத்தில் எழுத்தர் யார் பெயரை எழுதுவார்?

செய்ய வேண்டியவை பெரிதல்ல. பிரிவு 2பி-யின் கீழ் வரும் எந்த விலக்கும் 115, 116 (போக்குவரத்துக் குறிகள்), 117 ஆகிய பிரிவுகளைத் தொடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். அதற்குக் காத்திராமல், ஓட்டுநரில்லா வாகனம் எதுவும் ஆட்சியர் ஒப்புதல் அளித்த இயக்கப் பகுதிக்கு வெளியே ஓடக் கூடாது என்றும், அந்த ஒப்புதலுக்கு முன் நகராட்சி, ஊராட்சி, தீயணைப்புத் துறை, ஓட்டுநர் சங்கங்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றும் பிரிவு 115-இன் கீழ் மாநில அரசு இன்றே அறிவிக்கை வெளியிடலாம். பாம்பன் சாலைப் பாலம், ரத வீதிகள், அரிச்சல்முனைச் சாலை ஆகிய மூன்றும் அந்த அறிவிக்கையின் முதல் அட்டவணையில் இருக்க வேண்டும். வண்டி வருவதற்கு முன் செய்தால் இது விதி. வந்த பின் செய்தால் வழக்கு.